பச்சை தெரியும் வரை

மூன்று வரிச் செய்தி அது. சேமிப்புத் தொகுதி நலமாக இருக்கிறது என்றது முதல் வரி. அது பழைய பதிப்பில் இருக்கிறது, விரும்பினால் உயர்த்திக்கொள்ளலாம் என்றது இரண்டாவது. உயர்த்திய பின் பழைய மென்பொருளால் இதைத் திறக்க முடியாது என்றது மூன்றாவது. அப்போது இரவு இரண்டு மணி பத்து நிமிடம். மூன்றாவது வரியையும் வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் கட்டளையைத் தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்று கேட்டால் இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை. பெருக்கி முடித்த முற்றத்தில் ஒரு சருகு கிடந்தால் குனிந்து எடுக்கிற கை இருக்கிறதே, அந்தக் கைதான் தட்டியது. திரை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு தேவை ஒன்றும் இருக்கவில்லை.

கொழும்பில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அதன் களஞ்சியங்களில் இரவிலும் லொறிகள் வரும், போகும். வரவு செலவெல்லாம் ஒரே டிஸ்க் அடுக்கில் பதிவாகும். அந்த அடுக்கை இரண்டு சேர்வர்கள் காவல் காத்தன. ஒரே களஞ்சியத்துக்கு இரண்டு காவல்காரர், ஆனால் சாவி எந்த நேரத்திலும் ஒருவர் கையில்தான். ஒருவர் மயங்கி விழுந்தால் மற்றவர் சாவியை எடுத்துக்கொள்வார். விழுந்தவர் உண்மையில் விழவில்லை, இருவரும் சாவி தன்னிடம்தான் என்று நம்பிக் கதவைத் திறந்தார்கள் என்றால் களஞ்சியம் நாசம். கிளஸ்டர் என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த நாசம் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

சேமிப்பைக் கவனித்த மென்பொருள் இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி, 2005இல் ஓப்பன்சொலாரிஸ் வழியாகத் திறந்த மூலமாக வெளியிட்டது. நல்ல மென்பொருள், இன்றும் எனக்குப் பிடித்தது. அன்றிரவுத் திட்டமும் சரியான திட்டம்தான். முதலில் ஒரு சேர்வரைப் புதுப்பிப்பது. சாவியை அதனிடம் கொடுத்து ஒரு வாரம் பார்ப்பது. பிழைத்தால் மற்றதையும் புதுப்பிப்பது. பிழைக்காவிட்டால் சாவியைப் பழைய காவல்காரரிடமே திருப்பிக் கொடுப்பது. அந்த ஒரு வாரத்துக்குத்தான் மூன்றாவது வரி எழுதப்பட்டிருந்தது.

நாலு மணிக்குப் புதிய சேர்வர் விழுந்தது. எழுந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி விழுந்தது. திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். இசட்எஃப்எஸில் இயங்குதளத்தின் பழைய நிலையைப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துக்கொண்டே புதியதை நிறுவலாம். பழையதைத் தேர்ந்தெடுத்து மறுபடி துவக்கினால் போதும். பத்தே நிமிடம். ஒரு எழுத்துப் பிசகாமல் நேற்று மாலை இருந்த சேர்வர் எழுந்து நின்றது. டிஸ்க் அடுக்கைப் பார்த்தது. இந்தப் பதிப்பு எனக்குத் தெரியாது என்றது. பக்கத்துச் சேர்வரிடம் கேட்டோம். அது தொடாத சேர்வர், அதற்கும் தெரியவில்லை.

மென்பொருள் முழுதாகத் திரும்பியிருந்தது. தரவு திரும்பவில்லை. இவை இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் எட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்திருந்தேன்.

அடுத்த மாதம் சில நாள் லீவு போட்டுவிட்டு யட்டவத்தைக்குப் போனேன். அம்மாவின் அண்ணன் அங்கே இறப்பர் நாற்றுமேடை வைத்திருக்கிறார். மாத்தளை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு மிளகும் கறுவாவும் ஞாபகம் வரும், வாசனைத் தோட்டங்களில் பஸ் நிறுத்தி எண்ணெய் விற்பவர்கள் ஞாபகம் வரும். யட்டவத்தைப் பக்கம் இறப்பரும் உண்டு, கொக்கோவும் உண்டு. மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் கொக்கோ, கொக்கோவின் நிழலில் கோழி. மாமாவின் மேடை சரிவில் இருக்கிறது. கறுப்புப் பொலித்தீன் பைகளில் வரிசை வரிசையாகக் கன்றுகள். ஒவ்வொரு கன்றின் தண்டிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், பொலித்தீன் நாடாவால் இறுக்கிய ஒரு கட்டு. அடிபட்ட கைவிரலுக்குக் கட்டுப் போட்டது போல.

விதையில் முளைத்த கன்று வேருக்கு நல்லது, பாலுக்கு நிச்சயமில்லை. அதனால் பால் நிறையத் தரும் இனத்தின் கிளையிலிருந்து ஒரு கண்ணைப் பட்டையோடு பெயர்த்தெடுத்து விதைக்கன்றின் தண்டில் பதிப்பார்கள். அகலவத்தை இறப்பர் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆர்ஆர்ஐசி 100 போன்ற இனங்கள் அப்படித்தான் நாடெங்கும் பரவின. தண்டில் சன்னல் போலப் பட்டையைக் கீறி, வழியும் பாலைத் துடைத்து, உள்ளே கண்ணை வைத்து, காற்றும் தண்ணீரும் புகாமல் சுற்றிக் கட்ட வேண்டும். மாமாவின் கை இதைச் செய்யும்போது பேசக்கூடாது. கட்டி முடித்த பிறகு பேசலாம்.

“எப்ப மாமா மேல்தண்டை வெட்டுவீங்க?”

“அவசரப்படாத தம்பி. மூணு கிழமை கழிச்சுக் கட்டை அவுக்கணும். நகத்தால லேசாச் சுரண்டிப் பார்க்கணும். பச்சை தெரிஞ்சா உசிரோட இருக்கு. அப்பவும் வெட்டக்கூடாது. இன்னும் ஒரு பத்து நாள் விட்டு இன்னொருக்காச் சுரண்டிப் பார்த்துட்டுத்தான் கத்தி.”

“முதல்லயே வெட்டினா?”

“கண்ணு பிடிக்கலைன்னா என்னத்தை வச்சுக்கிட்டு இருப்ப? குச்சியைத்தான்.”

அந்த மூன்று கிழமையும் கன்று தன் பழைய இலைகளைக் கொண்டே உயிர் வாழ்கிறது. ஒட்டிய கண் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதற்குப் பசி இல்லை. கண் கருகிப்போனால் கட்டை எறிந்துவிட்டு, தண்டின் மறுபக்கத்தில் இன்னொரு சன்னல் கீறலாம். மாமாவின் மேடையில் இரண்டு பக்கமும் தழும்போடு சில கன்றுகள் நின்றன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கொழும்பு சேர்வருக்கு அன்று மறுபக்கம் இருந்தது. நான் மேல்தண்டை வெட்டிவிட்டு மறுபக்கத்தைத் தேடினேன்.

சேமிப்பு மென்பொருள் செய்கிறவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வெட்டுக்கத்தி தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜரில் மென்பொருளைப் புதுப்பிப்பது ஒரு வேலை, டிஸ்க் குழுவின் பதிப்பை உயர்த்துவது வேறு வேலை. முன்னதைத் திருப்பலாம், பின்னதைத் திருப்ப முடியாது. ஒரக்கிளின் ஏஎஸ்எம் மென்பொருளில் பொருந்துநிலை என்று ஓர் எண் உண்டு. ஏற்றலாம், இறக்க முடியாது. கிளஸ்டரைச் சேர்வர் சேர்வராகப் புதுப்பிக்கும்போது இன்னோர் அழகான காரியம் நடக்கும். புதியதாகிவிட்ட சேர்வர்களும் கடைசிச் சேர்வர் மாறும் வரை தங்களுக்குள் பழைய பாஷையிலேயே பேசிக்கொள்ளும். வீட்டில் ஒரு பாட்டி இருக்கும் வரை எல்லோரும் அவளுக்குப் புரிகிற பேச்சுப் பேசுவது போல. எல்லோரும் மாறி முடிந்ததும் நிர்வாகி ஒருவர் கட்டளையிட வேண்டும், இனிப் புதிய பாஷை என்று. அந்தக் கட்டளை தானாக நடக்காதபடி வைத்திருப்பதில்தான் வடிவமைத்தவரின் அறிவு இருக்கிறது. என் போன்றவன் இரவு இரண்டு மணிக்கு அதைத் தட்டிவிடுவதில் அந்த அறிவு வீணாகிறது.

மாமாவிடம் இன்னொன்றும் கேட்டேன். வெட்டாமலே விட்டால் என்ன ஆகும்? கண் தூங்கும் என்றார். உயிரோடு, பச்சையாக, பட்டைக்குள் தூங்கிக்கொண்டே இருக்கும். விதைக்கன்றுதான் வளர்ந்து மரமாகும். மேல்தண்டை வெட்டினால்தான் கண் கண்விழிக்கும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொறுமையைப் பற்றிய பாடம் ஒன்று கிடைத்துவிட்டது என்று திருப்தியாக இருந்தேன். மாமா அதைக் கலைத்துவிட்டார்.

வெட்டாமலே விட்டவர்களின் கதையும் நம்மிடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதியான லங்கா கவர்ன்மென்ட் கிளவுடைப் பணயத் தீநிரல் தாக்கியது. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன, அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகள் உட்பட. தொகுதியை விரைவில் மீட்டுவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்குப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. உற்பத்தியாளரே கைவிட்ட பதிப்பு. உயர்த்த வேண்டும் என்ற பேச்சு 2021இலிருந்தே இருந்தது, பணமும் தீர்மானமும் வந்து சேரவில்லை. நான் அவசரத்தில் வெட்டினேன், அவர்கள் வெட்டவே இல்லை. இரண்டு இடத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் சேர்வரைக் கண்ணால் பார்த்திராதவர்கள்.

திரும்புதல் என்ற சொல்லிலேயே ஒரு மயக்கம் இருக்கிறது. வந்த வழியே நடந்து போவது போல ஒலிக்கிறது. 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தையில் நைட் கெப்பிட்டல் என்ற தரகு நிறுவனத்துக்கு நடந்ததை வாசித்தபோதுதான் அந்த மயக்கம் எனக்குத் தெளிந்தது. எட்டுச் சேர்வர்கள். புதிய நிரலை ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை மறந்துவிட்டார்கள். புதிய நிரல் ஒரு பழைய சைகையை மறுபடி பயன்படுத்தியது. எட்டாவதில் அந்தச் சைகை, 2003இலிருந்து பயன்படாமல் கிடந்த ஒரு பழைய நிரலை எழுப்பிவிட்டது. அது நிறுத்தத் தெரியாமல் பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. பதறிப்போன ஊழியர்கள் என்ன செய்தார்கள்? புதிய நிரலில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். ஒன்றில் எழுந்த பேய் எட்டிலும் எழுந்தது. 45 நிமிடத்தில் 46 கோடி டொலருக்கு மேல் போனது. அந்த நிறுவனம் அடுத்த ஆண்டே வேறொன்றோடு இணைந்து பெயரை இழந்தது.

அதே 2012 ஜூனில் பிரித்தானியாவின் ஆர்பிஎஸ் வங்கிக் குழுமம். இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளை உயர்த்தினார்கள், சிக்கல் தெரிந்தது, நீக்கினார்கள். நீக்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சோதிக்கவில்லை. பழைய பதிப்புக்கும் உயர்த்திய பதிப்புக்கும் ஒத்துப்போகவில்லை. பிரித்தானியாவில் மட்டும் 65 லட்சம் வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு. 2014இல் மேற்பார்வை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து விதித்த தண்டம் 5 கோடி 60 லட்சம் பவுண்ட். முன்னால் போனதற்காக மட்டும் அல்ல, ஒத்திகை பார்க்காமல் பின்னால் வந்ததற்காகவும் கட்டிய பணம் அது.

இன்னொரு நம்பிக்கையும் எங்கள் தொழிலில் உண்டு. பிரதிகள் நிறைய இருந்தால் பயமில்லை என்பது. 2011 பெப்ரவரி 27, ஞாயிற்றுக்கிழமை, ஜிமெயில் பாவனையாளர்களில் 0.02 சதவீதத்தினர் பெட்டியைத் திறந்தபோது அது காலியாக இருந்தது. கூகுள் தன் சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்திருந்தது, அதில் ஒரு பிழை. அவர்களிடம் பிரதிகள் பல தரவு மையங்களில் இருந்தன. பிழை எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. ஒரே மென்பொருளை நம்பும் பத்துப் பிரதி, பிழை விஷயத்தில் ஒரே பிரதிதான். கூகுள் பழைய மென்பொருளுக்குத் திரும்பியது. அஞ்சல்கள் திரும்பவில்லை. அவற்றைக் கொண்டுவந்தது, யாரும் மதிக்காத காந்த நாடா. மென்பொருளின் கை எட்டாத அலுமாரியில் கிடந்ததால் பிழைத்தது. ஒரு வினாடியில் தேடித் தருகிற நிறுவனம் நாடாவைச் சுழற்றிச் சுழற்றி மணிக்கணக்காக மீட்டது.

லீவின் கடைசி நாளில் அலுவிகாரைக்குப் போனேன். மாத்தளை நகரத்துக்குச் சற்று வடக்கே, பாறைகளுக்கிடையே. பௌத்த மறையான திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று மரபு சொல்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டு, வட்டகாமணி அபயனின் காலம். அந்த அரசனை விரட்டிவிட்டுத் தென்னாட்டுத் தமிழர் ஐவர் அடுத்தடுத்து ஆண்டார்கள், கூடவே கொடும் பஞ்சம் வந்தது. நான் தமிழன் என்பது அந்தப் பாறை நிழலில் நிற்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அதுவரை திரிபிடகம் துறவிகளின் நினைவில் இருந்தது. தீக நிகாயம் ஒரு குழுவுக்கு, மஜ்ஜிம நிகாயம் இன்னொரு குழுவுக்கு என, மனப்பாடமாக ஓதும் பாணகர்கள் பிரித்து ஏற்றிருந்தார்கள். பஞ்சத்தில் பாணகர்கள் செத்தால் நூல் சாகும். பாளி உரைகள் சொல்லும் ஒரு கதை என்னை விடவே இல்லை. பலர் கடல் தாண்டி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். 60 துறவிகள் மட்டும் மலய தேசம் என்கிற இந்த மலைநாட்டில் தங்கி, கிழங்கும் இலையும் தின்று, நூலை ஓதிக்கொண்டே இருந்தார்கள். உட்காரத் தெம்பில்லாதபோது படுத்துக்கொண்டு ஓதினார்கள். 12 வருடம் கழித்து 700 பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களும் இருந்தவர்களும் எதிரெதிரே அமர்ந்து ஓதிச் சரிபார்த்தார்கள். ஓர் எழுத்தும் வேறுபடவில்லை என்கிறது உரை.

வேறுபடவில்லை என்பது பக்தியின் மிகையாக இருக்கலாம். எனக்கு முக்கியம் அதுவல்ல, சரிபார்த்தார்கள் என்பது. பிரிந்து வாழ்ந்த இரண்டு பிரதிகள் மறுபடி சேரும்போது, எது மூத்தது, எது புண்ணிய பூமியிலிருந்து வந்தது என்று சண்டை பிடிக்கவில்லை. ஒப்பிட்டார்கள்.

அதே உரை மரபில் இன்னொரு கதை. மகா நித்தேசம் என்ற நூல் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு துறவிக்கு மட்டும் மனப்பாடம். அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் போய்ப் படிக்க யாருக்கும் மனமில்லை. அவரோடு நூலும் அழிந்துவிடும் என்று மூத்தவர் ஒருவர் வற்புறுத்தித்தான் மகாரக்கிதர் என்பவர் போய்க் கற்றுக்கொண்டார். எந்த அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். பழைய சேர்வரின் கடவுச்சொல்லும் அதன் குணமும் அவருக்கு மட்டுமே தெரியும், முன்கோபக்காரர், தேநீருக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அவரிடம் போய் உட்காருவது பெரிய தவம்.

எழுதி வைத்த ஏடும் முடிவாகிவிடவில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது பிரித்தானியப் படை அலுவிகாரையின் நூலகத்தை அழித்தது. இங்கே அழிந்தது வேறு விகாரைகளிலும் பர்மாவிலும் சியாமிலும் இருந்தது. பிறகு இங்கேயே மறுபடி எழுதத் தொடங்கினார்கள். நான் போன நாளில் ஒருவர் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரிமையைத் தேய்த்து, அரிசித் தவிட்டால் துடைத்துக் காட்டினார். துடைத்த பிறகுதான் எழுத்து தெரிந்தது.

இசட்எஃப்எஸில் இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. பெரிய மாற்றத்துக்கு முன் முழுத் தொகுதிக்கும் ஓர் அடையாளக் கல் நட்டு வைக்கலாம். பதிப்பையே உயர்த்திவிட்டாலும் அந்தக் கல்லுக்குத் திரும்பலாம். என் இரவில் அது இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போயிருப்பேன் என்று முதலில் நினைத்தேன். அப்படியல்ல. கல்லுக்குப் பிறகு எழுதப்பட்டதெல்லாம் போய்விடும். திரும்பும்போது எதை விட்டுவிட்டு வருகிறோம் என்ற கேள்விக்கு எந்த மென்பொருளும் பதில் சொல்வதில்லை.

அன்று விடிந்ததும் முந்தின மாலை எட்டு மணி நாடாவிலிருந்து தரவை மீட்டோம். மதியமாகிவிட்டது. மாலை எட்டுக்கும் விடியல் நாலுக்கும் இடையில் களஞ்சியத்தில் பதிந்தவை எங்கேயும் இல்லை. ஒரே இடத்தில் இருந்தன: லொறிக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கடதாசிச் சிட்டைகளில். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போயிருந்த இரண்டு எழுதுவினைஞர்களை மறுபடி வரவழைத்தார்கள். அதில் மூத்தவர் ஓர் அம்மா. என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிட்டையைக் கையில் எடுத்தார். அவர் எண்ணை உரக்க வாசிக்க, இளையவர் தட்டினார். எல்லாம் முடிந்ததும் இளையவர் திரையிலிருந்து வாசிக்க, அம்மா சிட்டையில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

சிட்டை 143. திரையில் 142.

அம்மா சிட்டைகளைத் தட்டி நேராக்கி, மறுபடி முதல் சிட்டையை எடுத்தார்.